படத்தின் பின்பக்கம் இருந்த நான்கு வரிகள்

அந்தக் கிழவரை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவருடைய கோபம்தான். நொர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டி விரல்கள் மரத்துப்போன பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அங்கிருந்த மற்ற முதியவர்கள் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார்கள். இவர் மட்டும் தினமும் காலையில் கண் விழித்ததும், "அவன் செத்தும் எனக்கு ஆறேல்லை" என்பார்.

பிலிப்பைன்ஸ்காரர். தொண்ணூறு தாண்டியவர். நொர்வேக் கப்பல்களில் கொதிகலனுக்கு முன் நின்று வேலை செய்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, பிள்ளைகள் இல்லாமல் அவளையும் புதைத்துவிட்டுத் தனியனானவர். நாங்கள் இருவரும் அரைகுறை நொர்வீஜிய மொழியில் கதைத்துக்கொள்வோம். அது என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் அவர் காலுக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பும் தோலும்தான். ஆனால் கெண்டைக்காலில் ஒரு முடிச்சு இன்னும் கரையாமல் இருந்தது.

"நீங்கள் ஓடினனீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார். "உனக்கு என்னண்டு தெரியும்?"

"நானும் ஓடினனான்."

அதற்குப் பிறகுதான் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்கு முன், அவருடைய நாட்டில் ஓட்டப் போட்டிகள் புதிதாகத் தொடங்கியிருந்த காலம். வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரே ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டம். இவர் வென்றார். இரண்டாவதாக வந்தவன் ஒரு பெரிய காணிக்காரரின் மகன். மறுநாள் பத்திரிகையில் பெயர்கள் மாறியிருந்தன. வென்றவன் அவன், இரண்டாவது இவர்.

கப்பல் புறப்பட்ட காலையில் அவன் இவரைத் தேடி வந்திருக்கிறான். ஓட்டம் முடியும் கணத்தில் ஒரு படப்பிடிப்பாளர் எடுத்த படம் அவன் கையில் இருந்தது. அதில் நாடாவை நெஞ்சால் அறுப்பவர் இவர். அவன் ஒரு முழம் பின்னால். படத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தான். நீதான் வென்றாய். அப்பா பெயரை மாற்றிவிட்டார். என்னை மன்னித்துவிடு. திரும்பி வந்ததும் எல்லோருக்கும் சொல்வேன்.

அவன் பதக்கம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தான். ஆனாலும் கடல் கடந்து ஓடியவன் என்று ஊர் கொண்டாடியது. இவர் அவன் வீட்டுக்குப் போனபோது காவல்காரன் படலையிலேயே மறித்து அனுப்பிவிட்டான்.

"படத்தை அப்பவே பேப்பருக்குக் குடுத்திருக்கலாமே?"

"அப்ப அவன் சின்ன ஆள். விழுந்தா நோகாது. மேலை ஏறட்டும் எண்டு விட்டன். ஏறினான். விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர் ஆனான். மைதான வாசல்லை அவன்ரை பேரை வெட்டிவைச்சாங்கள். நான் கடலிலை நிண்டன். கடைசியிலை, விழாமலே செத்துப்போனான்."

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அவருடைய விஷயத்தில் தெய்வம் நின்றபடியே தூங்கிவிட்டது.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. பாடசாலையில் எண்ணூறு மீற்றரில் முதலாவதாக வந்தவன் நான். கொழும்புக்குப் போன பட்டியலில் விளையாட்டு ஆசிரியரின் மருமகன் பெயர் இருந்தது. அவன் இப்போது கனடாவில் தன் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறான் என்று கேள்வி. என்னிடம் படமும் இல்லை, வரியும் இல்லை. கிழவரின் படத்தைக் கண்டபோது பசித்தவன் அடுத்தவன் சோற்றுக் கோப்பையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

எங்களோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாதி ஒருத்தி ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தாள். நாட்டின் முதல் ஓட்ட வீரர்களைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறாராம். ஒஸ்லோவுக்கு வந்து தேவாலய மண்டபத்தில் அதை அறிமுகம் செய்கிறாராம். கிழவருக்குப் பொழுதுபோகட்டும் என்று நினைத்தாள், பாவம். எழுதியவரின் குடும்பப் பெயரைக் கண்டதும் கிழவர் அதில் விரலை வைத்து அழுத்தினார். அவருக்குப் படம் கொடுத்தவனின் மகன்.

கிழவரையும் படத்தையும் அந்த மண்டபத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "செத்த ஆளைப் போட்டு அடிச்சு என்ன காணப்போறியள்? அந்த மகன் உங்களுக்கு என்ன செய்தவன்?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் சேர்ட்டை அயர்ன் பண்ணினேன்.

ஏப்ரல் மாதம். பனி கரைந்து, நடைபாதையெங்கும் குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல் மிஞ்சிக் கிடந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளத் தள்ள அது நறநறத்தது. கிழவர் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து, படத்தை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

மண்டபத்தில் வறுத்த பன்றியும் நூடில்ஸும் மணந்தன. அறுபது வயது மதிக்கத்தக்க மகன், மென்மையான மனிதர், புத்தகத்தில் தகப்பனைப் பற்றிய பக்கத்தைத் திரையில் காட்டிப் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் கிழவர் என் கையைத் தட்டினார். நேரே மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மகன் குனிந்து படத்தை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். திருப்பினார். சிரிப்பு அப்படியே நின்றது. "இது அப்பாவின் எழுத்து," என்று ஆங்கிலத்தில், தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

கிழவர் தங்கள் மொழியில் ஏதோ சொல்லி ஒலிவாங்கியைக் காட்டினார். வாசி என்கிறார் என்பது யாருக்கும் புரியும். மகன் தலையசைத்து மறுத்தார். தனியாகக் கதைப்போம் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். கிழவர் படத்தைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி."

வாசித்தேன். என் ஆங்கிலம் கல்வீதியில் போகிற வண்டில் மாதிரி. ஆனாலும் மண்டபம் முழுவதற்கும் கேட்டது. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் அவருக்காக. இரண்டாம் தரம் யாருக்காக என்பது எனக்குத் தெரியும்.

ஒருவரும் கைதட்டவில்லை. மகன் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். யாரோ எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்கள். மண்டபத்தில் இருந்த தாதி எங்களுக்குப் பின்னாலேயே வெளியே வந்து என்னைத் திட்டினாள். "அந்த மனுசன் தகப்பனை இண்டைக்குத்தான் புதைக்கிறான். நீ ஏன் ரெண்டாம் தரமும் வாசிச்சனி?" இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஓடி முடித்தவனுக்கு வருகிற மூச்சுத்தான் வந்தது.

இலையுதிர் காலத்தில் அந்த மகனிடமிருந்து பொதி ஒன்று வந்தது. புத்தகத்தைத் திருத்தி மீண்டும் அச்சிட்டிருந்தார். கடிதம் எதுவும் இல்லை. பக்கங்களைப் புரட்டினேன். தகப்பனின் பக்கம் இல்லை. அந்த ஓட்டமே இல்லை. கிழவரின் பெயரும் இல்லை.

எனக்குக் கொதித்தது. "உங்கடை பேரைப் போடேல்லை! இப்பவே கடிதம் எழுதுறன். கையெழுத்து மட்டும் வையுங்கோ."

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும்.

"அவன்ரை பேர் வேறை எங்கையாவது இருக்கோ?"

கடைசிப் பெயர்ப் பட்டியல்வரை தேடிவிட்டு, "இல்லை" என்றேன்.

"வடிவாப் பார்த்தனியோ?"

"ஓம். எங்கையும் இல்லை."

புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். "அப்ப கடிதம் வேண்டாம். என்ரை பேர் முந்தியும் இல்லைத்தானே."

அன்று மத்தியானம் மீன் சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்து, இன்னொரு கிண்ணமும் கேட்டார். அடுத்த நாள் காலை ஜன்னல் திரையை விலக்கியபோது கண் விழித்து என்னைப் பார்த்தார். அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.