முன்கூட்டியே சொன்ன நன்றி

என் மனைவி எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லுவாள். எனக்கு அது பிடிக்காது. மாரண்டஹள்ளி சந்தையில் தக்காளி விலை விழுந்துவிட்டால், ஏற்றிப்போன கூடைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்குக் கொட்டுவேன். வயிறு எரியும். அவள் கட்டுத்தறி ஓரம் நின்றுகொண்டு, "மாடாவது வயிறார திங்குதுங்களே, சாமிக்கு நன்றி" என்பாள். பாலக்கோட்டு பஸ் எங்களை ஏற்றாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனால், இரண்டு பேரும் நின்று பேச நேரம் கிடைத்ததாம், அதற்கும் ஒரு நன்றி. "உன் நன்றியக் கேட்டுக் கேட்டு சாமிக்குக் காது புளிச்சிருக்கும்" என்பேன். "புளிச்சா புளிக்கட்டுங்க" என்று சிரிப்பாள்.

நானும் அவள் செபிக்கிற அதே மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை, தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி எல்லாம் உண்டு. ஆனால் கடவுளோடு எனக்கு இருந்தது கொடுக்கல் வாங்கல் உறவு மட்டும். மழை பெய்தால் மரியாதை, பெய்யாவிட்டால் முறைப்பு. எண்பதுகளில் எங்கள் பக்கம் முறைப்பாகவே இருக்க வேண்டியிருந்தது. கிணற்றில் இறங்கிப் பார்த்தால் தண்ணீருக்குப் பதில் பாறை தெரியும்.

சிறு வயதில் வந்த ஏதோ காய்ச்சல் அவளுடைய இருதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. கல்யாணம் ஆன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தருமபுரி டாக்டர், பிள்ளை பெறவே கூடாது, உயிருக்கு ஆபத்து என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, செபமாலை சொல்லி, முடிவில் வழக்கம்போல நன்றி சொன்னாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இப்ப எதுக்கு நன்றி? நம்ம வூட்ல தொட்டில் கட்ட வேணாம்னு சொல்லிட்டாரே, அதுக்கா?" என்று கத்தினேன்.

"அதுக்கு யாராச்சும் சொல்லுவாங்களா? அதுக்கு நான் இன்னும் எத்தன நாளு அழுவப்போறனோ" என்றாள். "அங்க அவரு சொல்லும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்க. அதுக்குச் சொன்னேன்."

கட்டுத்தறிக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

சில வருஷங்கள் மாத்திரையில் ஓடின. பிறகு நாலு பாத்திரம் கழுவி நிமிர்ந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆபரேஷன்தான் வழி என்று சொல்லி, எங்கள் முறை ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருவிழா முடிந்து பத்துப் பதினைந்து நாளில் வரும் என்றார்கள். அதுவரைக்கும் அவளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு வேறு வேலையே இல்லை என்று ஆனது.

அந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் தியானப் பிரசங்கம் கொடுக்க வந்தார். கணீரென்ற குரல். "திரும்பத் திரும்பக் கேட்பது சந்தேகம். கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பி இப்போதே நன்றி சொல்லுங்கள். கிடைக்கும்" என்றார். என்னைப் போன்ற கொடுக்கல் வாங்கல்காரனுக்கு இது நன்றாகப் புரிந்தது. தியானம் முடிந்ததும் நேராக எங்கள் பங்குச் சாமியாரிடம் போனேன். பாஸ்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையை, என் மனைவிக்குச் சுகம் கிடைத்ததற்கு நன்றிப் பூசையாக வைக்கச் சொன்னேன். "ஆபரேஷனே இன்னும் ஆகலையேப்பா" என்றார் அவர். "ஆன மாதிரிதாங்க சாமி" என்றேன்.

நன்றிப் பூசை என்றால் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும், பூசை கொடுத்தவர் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய், சனங்களைப் பார்த்து நின்று, எதற்காக நன்றி என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பொங்கல் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். நான் பச்சரிசியும் வெல்லமும் வாங்கி வந்து வீட்டில் இறக்கினேன்.

அவள் விஷயத்தைக் கேட்டாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நன்றின்னா என்னங்க, சாமிக்குக் குடுக்கற அச்சாரமா?" என்றாள்.

"நீ பொழைக்கணும் புள்ள."

"எனக்கும் ஆசதாங்க. அதக் கேளுங்க. அழுதுகிட்டே கேளுங்க. நன்றிய அதுல சேக்காதீங்க. நாளைக்கு நான் இல்லன்னா, உங்களுக்கு அந்த வார்த்தையே இல்லாமப் போயிரும்."

நான் அவளை அதட்டினேன். சந்தேகப்படாதே என்று பிரசங்கியார் குரலிலேயே சொன்னேன்.

பாஸ்கு ஞாயிறு அன்று அவளால் கோயிலுக்கு வர முடியவில்லை. வியாழக்கிழமை சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். வெள்ளிக்கிழமை காலை, அவளுக்கு ஊற்றி வைத்த கஞ்சி சூடு ஆறுவதற்குள் போய்விட்டாள். சனிக்கிழமை அடக்கம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது சாமியார் என் தோளைத் தொட்டு, "நாளைப் பூசைய அவங்க ஆத்துமத்துக்குன்னு மாத்திடறேன்ப்பா. நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். தலையை ஆட்டினேன். வீட்டு மூலையில் வெல்லத்தில் எறும்பு மொய்த்திருந்தது. தட்டிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். செபிக்கப் போகவில்லை, சண்டை போடப் போனேன். பாஸ்கு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பாடகர்கள் அல்லேலூயா பாடினார்கள். கடவுளைப் புகழும் அந்த வார்த்தை கேட்கக் கேட்க உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிரசங்கம் முடிந்ததும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் என்னை அழைத்துப்போக எழுந்தார். சாமியார் அவரை உட்காரச் சொன்னார்.

சொல்ல வேண்டியதை நான் மனதில் கோர்த்து வைத்திருந்தேன். நன்றி சொல்ல ஒன்றுமே இல்லை. பிள்ளை இல்லை, தண்ணீர் இல்லை, இப்போது அவளும் இல்லை. முன்கூட்டியே சொன்ன நன்றியைத் திருப்பிக் கொடு. இதைத்தான் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். கோர்த்து வைத்த ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்கே தெரியாமல் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

"கடைசியா ஒரு மாசம் அவளால படுக்க முடியலைங்க. படுத்தா மூச்சு முட்டும். செவுத்துல சாஞ்சா குளுருதும்பா. அதனால நான் உக்காந்துக்குவேன். என் முதுகுல சாஞ்சுகிட்டே தூங்குவா. வெள்ளிக்கெழம காலையிலயும் அப்பிடித்தான் சாஞ்சிருந்தா. அவ சாயறதுக்கு என் முதுகு இருந்துச்சுங்க. அதுக்கு."

நன்றி என்ற வார்த்தை மட்டும் வாயை விட்டு வரவில்லை. அதைச் சொல்லாமலே வந்து உட்கார்ந்தேன். சாமியார் பூசையைத் தொடர்ந்தார்.

மனம் லேசாகியிருக்கும் என்று அன்று பலர் என்னிடம் சொன்னார்கள். இல்லை. எந்த நிலையிலும் நிறைவாக இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரிந்தது, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, பழக்க தோஷத்தில் நடுவீட்டில் பாயைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பாரம் வந்து சாயும் என்று முதுகு தானாக விறைத்துக்கொண்டு காத்திருந்தது.