அக்காவின் கேள்வி நிலுவையில் இருந்த காலம்

வரப்பெற்ற மனு எதுவானாலும் உரிய காலத்துக்குள் பதில் தரப்பட வேண்டும். உடனே தர இயலாவிட்டால், மனு கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுதி அனுப்ப வேண்டும். இந்த விதியைப் பணிக்காலம் முழுவதும் பிறருக்கு எடுத்துச் சொல்லிப் பலருடைய வெறுப்பைச் சம்பாதித்தவன் நான். குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று யாராவது ஓர் அரசாணை போட்டிருந்தால், என் அக்கா அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அக்கா குஜிலியம்பாறைப் பக்கம், மழை பெய்தால் மட்டுமே விளைகிற ஓர் ஊரில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கள் தாயார் காலமானதும் அடுப்படி அவர் கைக்கு வந்தது. அப்பா, அண்ணன்மார், நான் எல்லாருமே ஓயாமல் பேசுகிறவர்கள். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் தொடங்கிவிடுவார். அக்கா பரிமாறுவார்.

கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தார். அத்தானுக்கு வாழைக்காய் மண்டி. சிறுமலையிலிருந்து வந்திறங்கும் தார்களைக் காலை முழுவதும் கூவி ஏலம் விட்டுவிட்டு, மத்தியானம் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவார். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவார். அந்த வீட்டில்தான் அக்கா ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, சின்னாளபட்டியில் கட்டிக்கொடுத்தார்.

திண்டுக்கல் தனி மாவட்டமாகி, மதுரையிலிருந்து கோப்புகள் லாரியில் வந்திறங்கிக்கொண்டிருந்த சமயம். நான் ஓய்வு பெற்றிருந்தேன். அந்தக் கோப்புகளைக் குறை சொல்வதைத் தவிர எனக்கு வேறு அலுவல் இல்லாததால், அடிக்கடி அக்கா வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மகளுக்காகவே வைத்துக்கொண்டிருந்த வெஞ்சனத்தை இனி வைக்க வேண்டியதில்லை, அப்படியானால் என்ன வைப்பது என்று அக்காவுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. ஒருநாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே அத்தானிடம் கேட்டார்.

"ஏங்க, எனக்கு என்ன பிடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அத்தான் பிசைவதை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

கை கழுவப் போன இடத்தில் அக்காவிடம், ஏன் இப்படி ஒரு கேள்வி என்று விசாரித்தேன்.

"எனக்கே தெரியல அப்பு. கூட இருந்து பாத்தவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? அவருக்கும் தெரியலன்னா, நான் யாரோட இருந்தேன், யாரா இருந்தேன்னு ஆயிருதே."

விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதங்கள் போயின. விதிப்படி நான் ஒரு நினைவூட்டு கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "ஞாபகப்படுத்தி வாங்குனா அது ஒன் ஆபீஸ் பதில்" என்றார்.

அத்தான் சும்மா இருக்கவில்லை. மல்லிகைப்பூ வாங்கி வந்தார். சுங்குடிச் சேலை வாங்கி வந்தார். அல்வாவும் வந்தது. ஒவ்வொன்றையும் அக்கா வாங்கிப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லி உள்ளே வைத்தார். இவையெல்லாம் இடைக்காலப் பதில்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கடைசியில் அத்தான் என்னையே கேட்டுவிட்டார்: "மாப்ள, ஒங்க அக்காவுக்கு என்னதான் பிடிக்கும்?" அமைதியாக இருக்கப் பிடிக்கும் என்றேன், உறுதியாக. அக்காவுக்காக வெளியிடும் இந்த நினைவு மலருக்கு உறவினர்கள் அனுப்பிய குறிப்புகளிலும் 'அமைதியே உருவானவர்' என்ற சொல் இல்லாத குறிப்பு இல்லை. அனைத்தையும் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். தகவலுக்கு அனுப்பியவர்களே பொறுப்பு.

பிறகு நடந்ததை அத்தான் அக்காவின் காரியத்தன்றுதான் என்னிடம் முழுதாகச் சொன்னார். மலைப்பாதையில் மழை கொட்டிச் சரக்கு வராத ஒருநாள், முற்பகலிலேயே வீடு திரும்பியிருக்கிறார். கொல்லையில் பேச்சுச் சத்தம். யாரோ விருந்தாளிகள் என்று நினைத்து வாசலிலேயே நின்றிருக்கிறார். எட்டிப் பார்த்தால், வாழைக்காய்த் தோல் தின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆட்டைத் தவிர யாரும் இல்லை. அதனிடம் அக்கா, எங்கள் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டையை ஆள் ஆளுக்குக் குரல் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் "விதிப்படி பாத்தா..." என்று நானும் வந்தேனாம். அத்தான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார். உள்ளே போகாமல் மண்டிக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பின் வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்து, கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "போனா நின்னுரும் மாப்ள. அம்புட்டு நல்லாச் சொல்றா" என்றார்.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கடைசியில் வருவதுதான் வழக்கம். ஆனால் கடைசி இடத்தை வேறொன்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன். அக்கா நோயுற்றிருந்தபோது முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், பார்வை நேரம் முடிந்த பிறகும் அத்தானை விரட்டாத செவிலியருக்கும், வார்டில் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து, வலியை மறந்து சிரித்த பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும், முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இனி அந்தப் பதில். அன்று நானும் இலையின் முன் உட்கார்ந்திருந்தேன். அத்தான் சாப்பிட்டு முடித்து, எழாமல் அப்படியே இருந்தார். தொண்டை கரகரத்தது.

"ஒனக்குப் பேசப் பிடிக்கும்" என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் முதலில் வெட்கம், பிறகு வேறென்னவோ வந்தது. என் அறுபது வயதில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"என்னத்தப் பேச?" என்றார், மெல்ல.

"அந்த ஆட்டுக்கிட்டச் சொன்னியே, பந்திச் சண்டை. அத முதல்லருந்து சொல்லு. நான் பாதியிலதான் வந்தேன்."

அக்கா உட்கார்ந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

பதில் வரப்பெற்ற நாள்: கேள்வி கேட்டதற்கு அடுத்த வருஷத் திருக்கார்த்திகைக்கு மறுநாள், மத்தியானம்.