அப்பாவின் சட்டைப் பையில் ஒரு கதவு

என் தங்கையை வீட்டில் வண்டு என்றுதான் கூப்பிடுவோம். தையல் மெஷின் ஓடும்போது அவளும் கூடவே ரீங்காரம் போடுவாள். எது மெஷின், எது அவள் என்று அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. துணிக்கடையில் பேன்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையை ஒதுக்கிக்கொண்டு, எங்கள் பழைய துணிகளை வைத்துப் படம் தைப்பாள்.

ஒருமுறை, நாங்கள் வளர்ந்த வாடகை வீட்டைத் தைக்க ஆரம்பித்தாள். அதை இடித்துவிட்டார்கள், ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. என் பள்ளிக்கூடக் கால்சட்டை தெருவானது. அம்மாவின் பச்சை நைட்டி வாசல் மரமானது. சுவர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு அவள் மனசில் வைத்திருந்தது அப்பாவின் சட்டை.

அப்பா பஸ் டிரைவர். அவர் போன பிறகு மிஞ்சியது அந்த ஒரு நீல யூனிஃபார்ம் சட்டைதான். அம்மா அதை பீரோவில் தன் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

"கத்திரியோட அந்தப் பக்கம் வந்தே, கைய ஒடிச்சிடுவேன்" என்றார் அம்மா.

"கத்திரியே வேணாம்மா. தையல மட்டும் பிரிக்கிறேன். புடிக்கலன்னா அதே ஓட்டையில ஊசி விட்டு, திரும்பச் சட்டையா தந்துடறேன்."

"தரலன்னா?"

"அண்ணன் தோல உரிச்சுக்கோ."

"நடுவுல என்னை எதுக்குடி இழுக்கற?" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

வண்டு தையலைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தாள். நான் எட்டாவதோடு நின்றவன், கலை பற்றிப் பேசத் தெரியாது. ஆனால் கண்ணாடி அளந்து வெட்டுகிற கை. இம்மி பிசகினாலும் கண்ணில் படும். தடவித் தடவிப் பார்த்தேன். நூல்தான் அறுந்திருந்தது, துணியில் ஓர் இழை அறுபடவில்லை.

சட்டை விரிந்து மேசையை நிறைத்தது. பஸ் ஜன்னல் பக்கத்துக் கை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது, மற்றக் கை இன்னும் நீலம். அத்தனை வருஷம் பார்த்த சட்டையில் இது எனக்குத் தெரியவே தெரியாது. வெளுத்ததை வெயில் விழும் பக்கமாகவும் மற்றதை நிழல் பக்கமாகவும் அவள் வைத்தாள். எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் வந்துவிட்டது.

கடைசியாக மார்புப் பையைப் பிரித்தாள். அடியில், பை அளவுக்கு, வெயிலே படாத நீலம்! அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போல. வண்டின் ரீங்காரம்கூட நின்றுவிட்டது.

"மொத நாள் இந்தக் கலர்லதான் போட்டுக்கிட்டுப் போனாரு" என்றார் அம்மா.

அந்த நீலத்தின் மேலேயே பையைத் திரும்ப வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் தைத்தாள். அது கதவானது.

படத்தைச் சுவரில் மாட்டிய அன்று அம்மா வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். வாக்குக் கொடுத்தவள் ஊசியும் கையுமாகப் பின்னால் நின்றாள்.

"என்னம்மா, சட்டையா தச்சுடவா?"

அம்மா ஒரு விரலால் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு மெல்லச் சாத்தினார்.

"பாத்துட்டு யாரும் தொறந்து போட்டுட்டுப் போகாதீங்க. கொசு வந்துடும்."