எப்சியின் டிங்

டீ சர்ட்டில் தன் பெயரைப் பார்த்ததும் எப்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாவலூர் அரங்கின் வாசலில், கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ‘எப்சி டிங்’ என்று அச்சடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கவும் ஆள் இருந்தது. சனிக்கிழமையும் ஆபீஸ் போய்விட்டு வந்த ஐ.டி. பிள்ளைகள், சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள்.

எப்சி ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி. கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை, ஐம்பதைத் தாண்டிய வயசு. ஸ்கூல் படிக்கும்போதே தாம்பரத்துக் கிறிஸ்தவச் சபையில் ஆர்கன் வாசிக்க உட்கார்ந்தவள் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அதே சபையில் பாடிக்கொண்டிருந்த ஆபேல், கிடாரும் கையுமாகச் சில பையன்களைச் சேர்த்து ‘லெவல் கிராசிங்’ என்று ஒரு ராக் பேண்ட் தொடங்கினான். கீபோர்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. “எப்சிக்கா, நீங்க வந்தாதான் நடக்கும்” என்று வீட்டு வாசலில் வந்து நின்றான். போனாள். ‘சானட்டோரியம்’ என்று ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அன்றைக்கு அதைச் சீந்துவாரில்லை. அவரவர் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். பல வருஷம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் அதை யூடியூபில் ஏற்றப்போக, அது வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள்.

அதன் கடைசிப் பாட்டில் ஓர் இடம் உண்டு. எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, அந்த அமைதியிலிருந்து ஆபேலின் குரல் மட்டும் தனியாக எழ வேண்டும். கேசட்டில் அந்த அமைதிக்கு நடுவே கீபோர்டில் ஒரே ஒரு ‘டிங்’. கை தவறி விழுந்த நோட்டு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அந்த இடம் வந்தால் ரசிகர்கள் கோரஸாக ‘டிங்’ என்று கத்திச் சிரிப்பார்கள். பேட்டியில் கேட்டபோது ஆபேலும் நரம்பில்லாத நாக்கால், “அக்காவுக்கு அன்னிக்குக் கை ஸ்லிப் ஆயிடுச்சு” என்று சொல்லிவைத்தான்.

கை ஒன்றும் தவறவில்லை. ஆபேலுக்கு அருமையான குரல்தான். ஆனால் வாத்தியம் நின்றுவிட்டால் சுருதி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் திருதிருவென விழிப்பான். ரெக்கார்டிங் அன்றும் திரும்பத் திரும்ப அந்த இடத்தில் தப்பாகவே எடுத்தான். ஸ்டுடியோக்காரர் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவை ஆபேல் கழுத்தைத் திருப்பி எப்சியைப் பார்த்தான். கீர்த்தனை தொடங்குமுன் சபையாருக்கு முதல் சுரத்தைத் தொட்டுக் காட்டிப் பழகிய கை, அவனுக்கும் தொட்டுக் காட்டிவிட்டது. பிடித்துக்கொண்டு பாடினான்.

“கை பட்டுச்சாம்மா? பரவால்ல, வுடுங்க. பாட்டு சூப்பரா வந்துகீது” என்றார் ஸ்டுடியோக்காரர்.

ஆபேல் தரையைப் பார்த்தான். தம்பி மாதிரிப் பையன், போகட்டும் என்று எப்சி மென்று விழுங்கினாள். அந்தப் பழிதான் இப்போது டீ சர்ட்டாக வந்து நிற்கிறது.

அரங்கு நடத்தும் ஜெயவேலு, நாலு சனிக்கிழமை சாயங்காலம் ‘சானட்டோரியம்’ முழுவதையும் வரிசை மாறாமல் மேடையில் வாசிக்கப் பழைய ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். “கேசட்ல எப்டி கீதோ அப்டியே வோணும் மேடம். டிங்கு ரொம்ப முக்கியம்” என்று கண்டிப்பு வேறு. முதல் இரண்டு வாரமும் எப்சி கொடுத்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டீ சர்ட்டைப் பார்த்த அந்த இரண்டாவது வாரம், வீட்டுக்கு வந்து கணவர் சுந்தர்சிங்கிடம் பொரிந்து தள்ளினாள்.

“சபையில இத்தனை வருஷமா வாசிக்கிறேன். ஒரு நோட்டு தப்புன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? அடுத்த வாரம் குடுக்க மாட்டேன். அது யாருக்குத் தேவைப்பட்டுச்சுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

“பாவம் எப்சி, அத்தனை பேர் முன்னாடி அவன் அசிங்கப்பட்டுப் போயிடுவான்.”

“நான் இத்தனை வருஷமா படலையா?”



மூன்றாவது சனிக்கிழமை. கடைசிப் பாட்டில் அந்த இடம் வந்தது, வாத்தியங்கள் நின்றன. எப்சி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஆபேல் வாயைத் திறந்தான். மூடினான். முன்வழுக்கை விழுந்த அந்தத் தலை மெல்லத் திரும்பியது. அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நியாயம் முழுக்க எப்சி பக்கம்தான். ஆனால் பாட வழி தெரியாமல் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. கை மடியை விட்டு எழுந்தேவிட்டது.

அதற்குள் கூட்டத்தில் ஒரு பெண் அந்தச் சுரத்தைப் பாடினாள். கேலியாக இல்லை, நிஜமாகவே பாடினாள். பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அரங்கமே அந்த ஒற்றைச் சுரத்தை இம்மி பிசகாமல் பிடித்து நீட்டியது. கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆபேல் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான்.

பாட்டு முடிந்தும் அவன் மைக்கை விடவில்லை.

“அக்காவுக்குக் கை ஸ்லிப் ஆச்சுன்னு நான் சொன்னது பொய்ங்க” என்றான். “எனக்கு எடுக்கத் தெரியல. இப்ப நீங்க குடுத்தீங்க இல்ல, அதையேதான் அன்னிக்கு எப்சிக்கா குடுத்தாங்க.”

ஒவ்வொருவராக எழுந்து கைதட்டினார்கள். எப்சிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. கீபோர்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

கடைசி சனிக்கிழமை ஜெயவேலு பதறிக்கொண்டு ஓடிவந்தார். “மேடம், இன்னிக்கு டிங்கு உண்டா, இல்லியா? இன்னா மேடம், பேஜார் பண்ணாதீங்க!”

“பாக்கலாம்” என்றாள் எப்சி.

முன்வரிசையில் சுந்தர்சிங், அவள் வாங்கவே கூடாதென்று சொன்ன கறுப்பு டீ சர்ட்டில் உட்கார்ந்திருந்தார். தொப்பையில் அவள் பெயர் இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. ஆபேல் இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வரும் என்று தெரிந்தவனாக நின்றான்.

எப்சி கொடுத்தாள். கேசட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கொடுத்தாள்.