பெயிண்ட் ஒட்டாத இடம்

போன வருஷம் ஐப்பசி மழையில, அப்பா தன்னோட பழைய அம்பாசிடர்ல உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு தினம் சாயங்காலம் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, உள்ள உட்கார்ந்து பாட்டு கேட்பார். புகை வெளிய போகட்டும்னு ஷெட்டுல வண்டியோட பின்பக்கம் தெருவைப் பார்த்தே நிற்கும். அன்னிக்கு மழைக்காகக் கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்தார். மாரடைப்புன்னார் டாக்டர். எழுபத்தாறு வயசு, நாங்களும் வேற எதுவும் கேட்கல.

முதல் திதிக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபம் போறதுன்னா அந்த வண்டியிலதான்னு அம்மா ஒரே பிடிவாதம். "அவர் வண்டியில, முன்சீட்டுல உட்கார்ந்து போகணும். அவ்வளவுதான்." ஆயுசுல எதையும் கேட்காதவங்க கேட்டா என்ன பண்றது?

அடியில படுத்துப் பார்த்தேன். சைலன்சர் குழாய் துருப்பிடிச்சு, பழைய பெயிண்ட் செதில் செதிலா உரிஞ்சு கிடந்தது. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பெயிண்ட் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாதா பெயிண்ட் ஒரு வாரம்கூடத் தாங்காதுங்க. அறுநூறு டிகிரி தாங்குற கறுப்பு எடுத்துக்கங்க. துருவைச் சுரண்டி, தின்னர்ல துடைச்ச பிறகு விரலே படக் கூடாது. மெலிசா மூணு கோட்டிங். காஞ்சதும் எஞ்சினை ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமா சூடேத்துங்க, அப்பதான் பிடிக்கும்."

அப்படியே செஞ்சேன். குழாய் முழுக்கக் கல்லு மாதிரி பிடிச்சுது. டிரைவர் சீட்டுக்கு நேர் கீழ மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, கொப்புளம் கொப்புளமா கிளம்பி உரிஞ்சு போச்சு. சுரண்டி மறுபடி அடிச்சேன். அதே இடம், அதே அளவு.

மூணாவது தடவையும் அதேதான். எஞ்சின் ஓட ஓட, அந்த இடத்துலேருந்து யாரோ பெருமூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம். ஷெட் வாசல்ல நின்ன அம்மா மெதுவா, "அவருக்குப் பிடிக்கலையோ என்னவோ"ன்னாங்க. சும்மா இரும்மான்னு எரிஞ்சு விழுந்தேன். பயம்தான், வேறென்ன.

மறுநாள் தென்னூர் மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, அந்த இடத்துல சோப்புத் தண்ணியைத் தடவினார். நுரை குபுகுபுன்னு பொங்குச்சு.

"முடி மாதிரி ஒரு வெடிப்புங்க. புகை இது வழியா கசிஞ்சு, மேல வண்டியோட தரைத் தகரம் அரிச்சுப்போன ஓட்டையில நேரா உள்ள ஏறும். கண்ணாடி ஏத்திட்டு உட்கார்ந்தா அவ்வளவுதான், தூங்குற மாதிரியே ஆளை முடிச்சிடும்." துணியில கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "பழைய வெடிப்பு. வெளிய கரி படிஞ்சு காட்டிக் கொடுத்திருக்கும். எந்த மடையனோ அதைத் துடைச்சுட்டு மேல பெயிண்ட் பூசியிருக்கான், வெடிப்புக்குள்ள பழைய வெள்ளிப் பெயிண்ட் ஒட்டியிருக்கு பாருங்க."

அந்த மடையன் நான்தான். போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், வண்டியில ஒரு இடம்கூட அழுக்காத் தெரியக் கூடாதுன்னு அந்தக் கரியைத் துடைச்சு, வெள்ளிப் பெயிண்டை அப்பி, காஞ்சதும் அது மேல சந்தனமும் குங்குமமும் வச்சேன். அப்பா குனிஞ்சு பார்த்து, "பலே"ன்னு முதுகுல தட்டினார். அதுக்கப்புறம் ரெண்டே வாரம்தான் இருந்தார்.

நிமிர்ந்தா அம்மா ஷெட் வாசல்லயே நிக்கிறாங்க. மெக்கானிக் சொன்னதைக் கேட்டாச்சு, அந்த வெள்ளிப் பெயிண்டை அடிச்சது யாருன்னும் அவங்களுக்குத் தெரியும்.

புதுக் குழாய் போட்டு, தகரத்தை அடைச்சு, திதியன்னிக்குக் காலையில வண்டியை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினேன். அம்மா வந்தாங்க. முன்கதவைத் திறந்து பிடிச்சேன். கதவை மெதுவா சாத்தினாங்க. அப்புறம் கையில இருந்த பையோட, மண்டபத்துக்கு நடந்தே போனாங்க.