பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பனுக்கு மூன்று மணி நேரம்

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் இருபது வருஷமாக யாங்கூனில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கணினியைப் பார்க்காமலே சொல்வேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பறப்பது மூன்று மணி நேரம். டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் போலத்தான் தெரியும், ஏனென்றால் லிஸ்பன் கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடுகிறது. இதை விளக்கினால் வாடிக்கையாளர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல 'சயா' என்பார்கள். வீட்டில் அந்த மரியாதை கிடையாது.

என் மகனுக்கு முதல் கப்பல் வேலை கிடைத்தது. லிஸ்பனில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கப்பல் புறப்படும், அதற்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவனுக்கு. காலை எட்டே முக்காலுக்கு பிராங்க்பர்ட்டில் இறங்கி, பதினொரு மணி விமானத்தைப் பிடிக்கும்படி டிக்கெட் போட்டிருந்தேன். மனைவி நாள்காட்டியோடு வந்து நின்றாள்.

"வெள்ளிக்கெழமை பத்தரைலேந்து பன்னெண்டு ராகுகாலம். மொத வேலைக்குப் போற புள்ளைய அதுலயா ஏத்துறீங்க?"

"அது நம்ம ஊரு ராகுகாலம். அவன் ஏறுறப்ப இங்க பொழுதே சாஞ்சிரும்."

"அங்க கடிகாரம் பதினொண்ணுதானே காட்டும்?"

எனக்கு ராகுவிலும் நம்பிக்கை இல்லை, கேதுவிலும் இல்லை. மூன்று நாள் அவள் அரைத்த மாவையே அரைத்தாள். வீட்டில் சத்தம் ஓய்ந்தால் போதும் என்று ஒன்பது நாற்பது விமானத்துக்கு மாற்றினேன். மகனிடம் மாற்றிய டிக்கெட்டை மட்டும் கொடுத்தேன், மாற்றிய கதையைச் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களிடம் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று சண்டை பிடிக்கிறவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட விடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பாஸ்போர்ட் வரிசையிலேயே நேரமெல்லாம் போயிற்று. அவன் போய்ச் சேர்ந்தபோது கதவை மூடிவிட்டார்கள். அடுத்த பதினொரு மணி விமானத்தில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். அது நிரம்பிவிட்டது. நான் விட்டுக்கொடுத்த இருக்கையில் யாரோ உட்கார்ந்து போயிருப்பார்கள். மாலை விமானத்தில் அவன் லிஸ்பனில் இறங்கியபோது கப்பல் துறைமுகத்தில் இல்லை.

நான்கு நாள் கழித்து யாங்கூனின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். நானும் மனைவியும் போய் அழைத்து வந்தோம். டாக்சியில் அவனே சொன்னான்.

"கேட் ரொம்பத் தூரம்ப்பா. வழி தெரியாம தடுமாறிட்டேன். ஓடியிருந்தா புடிச்சிருக்கலாம். நீங்க சரியாத்தான் போட்டுக் குடுத்தீங்க. மன்னிச்சிருங்கப்பா."

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வீடு வரைக்கும் அவகாசம் இருந்தது. அவன் முதுகில் தட்டி, மன்னிக்கிறவனைப்போல, "பரவாயில்லப்பா, விடு" என்றேன்.