பதினாலு வெறும் மலைகள்

என் பீரோவில் ஒரு பழைய கவர் இருக்கிறது. உள்ளே பதினாலு போட்டோக்கள். பதினாலிலும் ஒரே காட்சிதான்: மழை மேகத்துக்குக் கீழே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. மின்னலும் இல்லை, மனிதரும் இல்லை. பார்ப்பவர்கள், இதைப் போய் எதற்குப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. எதிரே ரேடியோ ரிப்பேர் கடை. அதை வைத்திருந்தவரை ஊரே ரேடியோ பாய் என்றது. எனக்கு வெறும் பாய், அவருக்கு நான் அண்ணே. கோட்டை மேல் மின்னல் இறங்குகிற மாதிரி ஒரு படம் கொடுத்தால் காலண்டரில் போடலாம் என்று சிவகாசி ஏஜெண்ட் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ராத்திரியில் கோட்டை தெரியாது. பகலிலோ, மின்னலைக் கண்டு நாம் பொத்தானை அமுக்குவதற்குள் அது போயே போய்விடும். பாய்தான் வழி கண்டுபிடித்தார். ஒரு சோப்பு டப்பாவுக்குள் வெளிச்சத்தை உணர்கிற சின்னக் கண் ஒன்றை வைத்து, அதிலிருந்து என் கேமராவுக்கு வயர் இழுத்தார். வெளிச்சம் வெட்டினால் கேமரா தானாகவே படம் எடுத்து, தானாகவே பிலிமைச் சுற்றிக்கொள்ளும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், கண்ணாடி ஜன்னலோரம் அதை நிறுத்தினோம். சாவி ஆளுக்கொன்று. "இதோட கண்ணு ரொம்ப கூச்சம்ணே. சும்மா சும்மா மேல ஏறிக்கினு இருக்காதீங்க," என்றார்.

என் மாடி, என் கேமரா, நான் ஏறக்கூடாதா? அந்த ஒரு வார்த்தையில் விழுந்தது விதை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடைக்குள் யாராவது தும்மினால்கூட எதற்குத் தும்மினான் என்று யோசிப்பேன். பாயிடம், அவர் தம்பி சவுதியிலிருந்து அனுப்பிய கேமரா ஒன்று வேறு இருந்தது.

பிலிமில் பதினாலு படத்துக்குத்தான் இடம் மிச்சம். அந்த ஐப்பசியில் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்துவிடும். பாய் தன் கடையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். இல்லையென்றால் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். தகரத்தின் மேல் மழை கொட்டுகிற இரைச்சலில் காது அடைத்துப்போகும். கேமராவின் எண்ணைப் பார்த்தால் ஒன்று கூடியிருக்கும். மின்னலே இல்லை, படம் மட்டும் குறைகிறது! மேல்மலையனூர் அமாவாசையன்று, கோயிலுக்குப் போய்த் திரும்பிய கூட்டம் ஸ்டுடியோவில் நெருக்கியடித்ததால் மாடிப் பக்கமே என்னால் போக முடியவில்லை. பாய் அன்று விழுப்புரம் போயிருந்தார். மறுநாள் காலை நல்ல வெயிலில் ஏறிப் பார்த்தேன். எண் அப்படியே இருந்தது. அவர் ஊரில் இல்லாத நாளில் மட்டும் படம் குறையவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வயரைப் பிடுங்கித் தன் கேமராவில் மாட்டிக்கொள்கிறார், எனக்குக் கண்துடைப்பாக வெறும் மலையைத் தட்டிவிடுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நாலு நாள் கழித்து, கடைத்தெரு முழுக்க வாயைப் பிளந்து பார்க்கும்படி, ராஜகிரி உச்சியில் கிளை கிளையாக ஒரு மின்னல் இறங்கியது. ஓடினேன். பிலிம் தீர்ந்திருந்தது. கழுவிப் பார்த்தேன், பதினாலும் வெறும் மலை. அப்படியே ஈரக்கையோடு பாய் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கேட்டேன்: "மின்னல எங்க வித்தீங்க பாய்?"

"இன்னாண்ணே பேசறீங்க? மின்னல நான் இன்னா லுங்கியில முடிஞ்சிக்கினு பூட்டனா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "டப்பாவும் உங்களுக்கே. இனிமே நீங்களே காவல் காத்துக்குங்க."

காத்தேன். புது பிலிம் போட்டு, கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து கதவையும் தாழிட்டுக்கொண்டேன். சாயங்காலம் மழை சட்டென்று விட்டது. எண்ணைப் பார்க்க டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. 'கிளிக்' என்றது கேமரா; 'சர்ர்' என்று பிலிம் சுற்றியது. அணைத்து மறுபடி அடித்தேன். மறுபடி கிளிக்.

வெட்கத்தை விட்டு, படங்களோடு போய்ச் சொன்னேன். திருடியது நீங்களில்லை, என் டார்ச்தான் என்று சொன்னால் மனம் ஆறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "டார்ச்ச எடுத்துக்கினு எத்தன தடவ ஏறுனீங்க?" கையிலிருந்த கவரை நீட்டினேன். அவரே படங்களை வாங்கி, மேஜைமேல் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினார். "பதினாலு," என்றார். அடுக்கி, கவரில் போட்டு, என்னிடம் நீட்டினார். "வேலை இருக்குது சார்."

அதற்குப் பிறகும் பல வருஷம் எதிரும் புதிருமாகக் கடை வைத்திருந்தோம். அவர் வாயிலிருந்து அண்ணே வரவேயில்லை. இப்போது ஆளாளுக்கு செல்போனில் மின்னலைப் பிடித்து வந்து என்னிடம் காட்டுகிறார்கள். நன்றாக இருக்கிறது என்கிறேன். இந்தக் கவரை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. அது பாய் எண்ணிக் கொடுத்தது.